வாசகர் கேள்வி - பதில்: குடுவை விடாத குடுவைச் செடி

கேள்வி: நர்சரியில் வாங்கியபோது குடுவைகள் நிறையத் தொங்கிய நெப்பந்தஸ் செடியை, மண்புழு உரம் கலந்த செம்மண்ணுக்கு மாற்றிப் போர்வெல் தண்ணீர் ஊற்றி வருகிறேன். பழைய குடுவைகள் காய்ந்துவிட்டன. புதிய இலைகளில் குடுவையே வரவில்லை. பூச்சி கிடைக்காததுதான் காரணமா? கறித்துண்டு போடலாமா?
- வாசகி, சென்னை

பதில்: பூச்சி காரணமன்று, மண்ணும் தண்ணீரும்தான் காரணம். சத்தற்ற நிலத்தில் வளரும் இச்செடி, வேருக்குக் கிடைக்காத நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் ஈடுகட்டவே இலை நுனியைக் குடுவையாக்கிப் பூச்சிகளைப் பிடிக்கிறது. உரமும் உப்பு நீரும் அதன் வேரைக் கருக்கிவிடும். ஆகவே செடியை மண் உதிர்த்து எடுத்து, நல்ல தண்ணீரில் பலமுறை அலசிய தேங்காய் நார்க்கழிவும் பெர்லைட்டும் (எடை குறைந்த வெள்ளைக் குருணை) சம அளவில் கலந்த தொட்டியில் நடுங்கள். மழைநீர் சிறந்தது, இல்லையெனில் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) 50-க்குக் கீழ் உள்ள ஆர்.ஓ. நீரை ஊற்றலாம். தாது சேர்த்துத் தரும் இயந்திரங்களும் உண்டு என்பதால் டி.டி.எஸ். மீட்டர் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. தொட்டியின் அடியில் தண்ணீர் தேங்கக் கூடாது.

இலை நுனிக் கொடியின் முனையில் கடுகளவு குடுவை மொட்டு தோன்றிக் கருகினால், காற்றில் ஈரப்பதமோ வெளிச்சமோ போதவில்லை என்று கொள்ளலாம். காலை வெயில் படும் பால்கனியில், மற்ற தொட்டிகளுக்கு நடுவே வையுங்கள். கத்திரி வெயில் நேரடியாகப் படவேண்டாம். இடம் மாறியதும் பழைய குடுவைகள் காய்வது இயல்பே. கறித்துண்டு வேண்டவே வேண்டாம். அது அழுகிக் குடுவையையும் கெடுக்கும். எறும்புகள் தாமாகவே தேடி வரும்.

கேள்வி: மேகாலயக் காட்டுச் செடியை அனுப்புவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?
- வாசகர், கோவை

பதில்: கூடாது. இந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே நெப்பந்தஸ் இனமான காசியானா, மேகாலயாவின் காரோ, காசி, ஜைந்தியா மலைகளுக்கே உரியது. நிலக்கரிச் சுரங்கங்களாலும் காட்டிலிருந்து பறித்து விற்பதாலும் அருகிவரும் இதனை 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலிலும் இது இடம்பெற்றுள்ளது. பிலிப்பைன்ஸ் இனங்களின் கலப்பான வென்ட்ராட்டா நர்சரிகளிலேயே கிடைக்கிறது. சமவெளி வெப்பத்தையும் அது தாங்கும் என்பதால், முதன்முதலாக வளர்ப்பவருக்கு அதையே பரிந்துரைப்பேன்.