கீசெயின் வேண்டாம், சிலிண்டர் அட்டை கொடுங்கள்

கேள்வி: இரண்டு வருடமாக ஒரு நேரடி விற்பனை கம்பெனியின் டப்பா, வாட்டர் பாட்டில், பாத்திரம் துலக்கும் லிக்விட் எல்லாம் விற்று வருகிறேன். போன மாதம் பெரம்பூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் விழாவில் ஸ்டால் போட்டேன். வாடகை 1,000 ரூபாய். கூட்டம் வரட்டும் என்று 12 ரூபாய் வீதம் 200 கீசெயின் வாங்கி, வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். ஒன்றரை மணி நேரத்தில் காலி. ஆனால் பொருள் வாங்கியது 9 பேர், அதுவும் ஆளுக்கு ஒன்று. ஒரு பொருளுக்கு 70 ரூபாய் போல எனக்கு நிற்கும். என் லீடர், ‘இன்னும் நல்ல கிஃப்ட்டாக வை, போன் நம்பர் வாங்கு, அப்படியே ஆளும் சேர்க்கலாம்’ என்கிறார். கம்பெனி பெயர் அடித்த நான்-ஓவன் பை கொடுக்கலாமா? குலுக்கல் வைக்கலாமா? அடுத்த ஸ்டாலில் கிஃப்ட்டுக்கு 1,000 ரூபாய்க்கு மேல் என்னால் முடியாது. எனக்குத் தைக்கத் தெரியும், மெஷினும் இருக்கிறது. என்ன கொடுப்பது?
- வாசகி, காலடிப்பேட்டை

பதில்: அன்புள்ள சகோதரி, முதலில் உங்கள் கணக்கைப் பார்த்துவிடுவோம். உங்களுக்குக் கிடைத்தது 630 ரூபாய். கீசெயினுக்கு 2,400, வாடகை 1,000. ஆக 2,770 ரூபாய் கையை விட்டுப் போயிருக்கிறது. இதை எழுதும்போதே எனக்கு மனசு கனக்கிறது. அது உங்கள் வீட்டுக்கு எத்தனை நாள் மளிகை என்று உங்களுக்குத் தெரியும், உங்கள் லீடருக்குத் தெரியாது.

நானும் ஒரு காலத்தில் ஸ்டால் போட்டவள். ஒரு பள்ளிக்கூட விழாவில் மொத்த விலைக்குக் கிடைத்ததே என்று பேனா வாங்கி, வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று நீட்டினேன். அரை மணி நேரம் கழித்து ஓர் அம்மா திரும்பி வந்து பேனாவை மேஜைமேல் வைத்தார். “இதுவே எழுத மாட்டேங்குதும்மா. உன் டப்பா மட்டும் நாலு வருஷம் உழைக்கும்னு எப்படி நம்புறது?” என்று கேட்டார். கோபமாகக் கூடச் சொல்லவில்லை, நிதானமாகத்தான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. நாம் இலவசமாகக் கொடுப்பதைத்தான் ஜனங்கள் நம் பொருளின் மாதிரியாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று அன்றைக்குப் புரிந்தது.

அதனால் என்ன கொடுப்பது என்று யோசிக்கும் முன்னால், யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யுங்கள். கீசெயினை மேஜையில் குவித்து வைத்தால் முதலில் வருவது பிள்ளைகள். அவர்கள் பாவம், ஆசைக்கு வருகிறார்கள். அவர்களுக்கென்று ஒரு டப்பாவில் கடலை மிட்டாய் வைத்துவிடுங்கள், போதும். அந்த டப்பா நீங்கள் விற்கும் டப்பாவாகவே இருக்கட்டும். மற்றபடி மேஜையில் எதையும் குவிக்காதீர்கள். உங்கள் அன்பளிப்பு கீழே ஒரு பைக்குள் இருக்க வேண்டும். நின்று, டப்பா மூடியைத் திறந்து பார்த்து, இரண்டு வார்த்தை பேசியவருக்கு அதை உங்கள் கையால் எடுத்துக் கொடுங்கள். மூன்று மணி நேர விழாவில் அப்படி நிதானமாகப் பேச எத்தனை பேர் கிடைப்பார்கள்? ஐம்பது, அறுபது பேர் கிடைத்தாலே பெரிய விஷயம். ஆகவே 200 எதுவும் உங்களுக்குத் தேவையே இல்லை.

சரி, என்ன கொடுப்பது? என் முதல் யோசனை ஒரு சிலிண்டர் அட்டை. நம் பக்கத்தில் சிலிண்டர் மாட்டிய தேதியை எங்கே எழுதுகிறோம் என்று பாருங்கள். காலண்டர் ஓரத்தில், சமையலறைச் சுவரில், சிலிண்டர் மேலேயே சாக்பீஸால். காலண்டர் தாளைக் கிழித்ததும் தேதி போச்சு. அடுத்து எப்போது தீரும் என்று தெரியாமல், விருந்தாளி வந்த அன்று அடுப்பு அணைந்து போன அனுபவம் இல்லாத வீடு ஏது? ஒரு கெட்டி அட்டையில் பன்னிரண்டு வரிசை போட்டு, ‘மாட்டிய தேதி’, ‘தீர்ந்த தேதி’ என்று இரண்டு கட்டம் அடியுங்கள். கீழே ‘கேஸ் டியூப் மாற்றிய வருடம்’ என்று ஓர் இடம் விடுங்கள். ரப்பர் டியூபை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதைப் பல வீடுகளில் மறந்தே போய்விடுகிறார்கள். அதற்கும் கீழே கேஸ் கசிவுக்கு 1906, மாநகராட்சிப் புகாருக்கு 1913, கரண்ட் புகாருக்கு மின்னகம் 94987 94987 என்று மூன்று எண்கள். கடைசி வரியில் உங்கள் பெயரும் போன் நம்பரும், சின்ன எழுத்தில்.

மேலே ஒரு ஓட்டை போட்டு நூல் கட்டிக் கொடுத்தால் ஆணியில் தொங்கும். காந்தம் ஒட்டியது அழகாகத்தான் இருக்கும், ஆனால் விலை ஏறிவிடும். எல்லார் வீட்டிலும் ஃப்ரிட்ஜ் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. ஆணி எல்லா வீட்டிலும் உண்டு. ஒரு ஏ4 தாளில் நாலு அட்டை வரும். 25 தாள் அடித்தால் 100 அட்டை. ஐகோர்ட் மெட்ரோவில் இறங்கி ஆண்டர்சன் தெருவுக்கு நடந்துவிடுங்கள். அழைப்பிதழும் காகிதமும் அச்சும்தான் அந்தத் தெருவின் தொழில். முதல் கடையிலேயே கொடுத்துவிடாமல் மூன்று கடையில் விலை கேளுங்கள். ஒரே கலர் போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அடிப்பதற்கு முன் ஒரு பிரதி வாங்கி, உங்கள் நம்பர் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொரு எண்ணாகச் சரிபாருங்கள்.

ஒரு வருடம் அந்த அட்டை அந்த அம்மாவின் கண் முன்னால் தொங்கும். டப்பா மூடி உடைந்த அன்றைக்கு உங்கள் நம்பரைத் தேட வேண்டியதில்லை.

இரண்டாவது யோசனை இன்னும் மலிவானது. ஒரு கிலோ வெந்தயம் வாங்கி, ஒரு டீஸ்பூன் வீதம் சின்னக் காகிதப் பொட்டலமாகக் கட்டுங்கள். இருநூறு பொட்டலத்துக்கு மேல் வரும். உங்களுக்குக் கால் கிலோவே போதும். அதன்மேல் ‘ஒரு ராத்திரி ஊற வைத்து, பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் மண் போட்டுத் தூவுங்கள். நாலைந்து நாளில் முளைக்கும், மூன்று நாலு வாரத்தில் கீரை பறிக்கலாம்’ என்று கையால் எழுதினாலே போதும். ஃபிளாட் பால்கனியிலும் வரும், ஹவுசிங் போர்டு ஜன்னல் கம்பிக்குப் பக்கத்திலும் வரும். இதில் எனக்குப் பிடித்தது என்ன தெரியுமா? பத்து நாள் கழித்து நீங்கள் போன் பண்ண ஒரு நல்ல காரணம் இருக்கிறது. ‘ஏதாவது ஆர்டர் உண்டா?’ என்று கேட்பதற்கும், ‘அக்கா, கீரை முளைச்சுதா?’ என்று கேட்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

ஆனால் அந்த நம்பரை எப்படி வாங்குகிறீர்கள் என்பது முக்கியம். கிஃப்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ‘நம்பர் சொல்லுங்க, தரேன்’ என்றால் பாதிப் பேர் தப்பு நம்பர்தான் சொல்வார்கள், சொல்லவும் வேண்டும்! பொட்டலத்தைக் கொடுத்துவிடுங்கள். அப்புறம், ‘வாட்ஸப்பில் விலை விவரம் அனுப்பலாமா?’ என்று கேளுங்கள். சரி என்றால் அவர்களையே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்த நோட்டு உங்களிடமே இருக்கட்டும். லீடர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அவர்கள் நம்பர் கொடுத்தது உங்களை நம்பித்தான்.

வாங்கியவர்களுக்குத் தனியாக ஒன்று இருக்க வேண்டும். இங்கேதான் உங்கள் தையல் மெஷின் கைகொடுக்கும். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் துண்டுத் துணி விசாரித்து வாங்குங்கள். பருத்தியாக இருக்க வேண்டும், நைலான் கலந்தால் சூட்டில் உருகும். இரண்டு துணிக்கு நடுவே பழைய போர்வைத் துணியை வைத்துத் தைத்தால், அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் பிடிதுணி தயார். ஒரு மூலையில் மாட்டுவதற்கு ஒரு வளையம். இருபது தைத்தால் போதும். ‘இது நானே தைச்சது’ என்று சொல்லிக் கொடுங்கள். நெசவாளர்களைக் குடிவைப்பதற்காக கவர்னர் காலெட் பெயரில் உருவான பேட்டைதானே உங்கள் காலடிப்பேட்டை, அங்கிருந்து துணியில் ஒரு பொருள் போவதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

தாம்பூலப் பை மாதிரி மஞ்சள் குங்குமம் வைத்துக் கொடுப்பதைப் பற்றியும் நினைத்துப் பார்த்தேன். நல்ல வழக்கம்தான். ஆனால் ராயபுரத்திலும் மண்ணடியிலும் பெரம்பூரிலும் உங்கள் ஸ்டாலுக்கு எல்லா மதத்தவரும் வருவார்கள். ஒருவருக்குக் கொடுத்து இன்னொருவருக்குத் தயங்குவதைவிட எல்லார் சமையலறைக்கும் பொதுவான பொருளே நல்லது.

இனி நீங்கள் கேட்ட இரண்டு விஷயம். நான்-ஓவன் பை வேண்டவே வேண்டாம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் பொருட்களில் அதுவும் ஒன்று. தொட்டால் துணி மாதிரி இருக்கும், ஆனால் அது பிளாஸ்டிக்தான். ‘எல்லாரும் கொடுக்கிறாங்களே’ என்று அச்சுக் கடையில் சொல்வார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பைதான் வேண்டும் என்றால் துணியில் மஞ்சப்பை தைத்து, பெரிய ஆர்டர் கொடுத்தவருக்கு மட்டும் கொடுங்கள்.

குலுக்கலும் வேண்டாம். விற்பனையைக் கூட்டுவதற்காகப் பரிசுக் குலுக்கல் நடத்துவதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. ‘இலவசம்’ என்று சொல்லிவிட்டு அதன் விலையைப் பொருளிலேயே ஏற்றி வாங்குவதும் அதே பட்டியலில்தான் வருகிறது. அதோடு, நூறு பேர் சீட்டு எழுதிப் போட்டு ஒருவருக்குப் பரிசு கிடைத்தால், மீதி 99 பேரும் கொஞ்சம் ஏமாற்றத்தோடுதானே வீட்டுக்குப் போவார்கள்?

அட்டையில் கம்பெனி பெயரோ முத்திரையோ போடுவதாக இருந்தால், கம்பெனியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். 2021இல் வந்த நேரடி விற்பனை விதிகளின்படி, கம்பெனி ஒப்புதல் கொடுக்காத பிரசுரத்தை நீங்கள் யாருக்கும் கொடுக்கக் கூடாது. கம்பெனி சொல்லாத பலனைப் பொருளுக்குச் சொல்லவும் கூடாது. பாத்திரம் துலக்கும் லிக்விடைச் சின்ன பாட்டிலில் ஊற்றி சாம்பிள் கொடுக்கும் எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். பேட்ச் எண், தேதி எதுவும் இல்லாத பாட்டிலை ஒரு குழந்தை எடுத்துக் குடித்துவிட்டால் யார் பொறுப்பு? அதைவிட எண்ணெய்ப் பிசுக்குள்ள ஒரு வடைச்சட்டியை ஸ்டாலுக்கே கொண்டுபோய் அங்கேயே துலக்கிக் காட்டுங்கள். ஒரு டப்பாவில் ரசத்தை ஊற்றி மூடித் தலைகீழாகப் பிடியுங்கள். எந்தக் கீசெயினை விடவும் கூட்டம் சேர்க்கும், காசும் செலவில்லை.

ஆள் சேர்ப்பது பற்றி ஒன்றே ஒன்று. ஸ்டாலில் அந்தப் பேச்சை எடுக்கவே எடுக்காதீர்கள். டப்பா பார்க்க வந்தவரிடம் ‘நீங்களும் சேருங்க, சம்பாதிக்கலாம்’ என்று ஆரம்பித்தால் அவர் டப்பாவையும் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவார். அடுத்த முறை உங்களைப் பார்த்தாலே பாதை மாறுவார். சேர்வதற்குப் பணம் கேட்கும் திட்டம் எதுவானாலும் அது அந்த விதிகளுக்கே விரோதம். உங்கள் லீடர் வற்புறுத்தினால் இதைச் சொல்லியே மறுக்கலாம்.

வெந்தயம் வாங்கியதும் அப்படியே பொட்டலம் கட்டிவிடாதீர்கள். முதலில் ஒரு ஸ்பூன் எடுத்து உங்கள் வீட்டிலேயே ஊற வைத்துப் போட்டுப் பாருங்கள். பழைய சரக்காக இருந்தால் முளைக்காது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்து, முளைத்தால் மட்டும் மீதியைக் கட்டுங்கள். முளைத்த அந்த டப்பாவையும் ஸ்டாலுக்குக் கொண்டுபோய் மேஜைமேல் வையுங்கள்.