அடைத்த அறையும் குறையாத மின்பட்டியலும்

கேள்வி: களுவாஞ்சிகுடியிலுள்ள எங்கள் வீடு அஸ்பெஸ்டஸ் சீற் போட்டது. படுக்கையறைக்குக் குளிரூட்டி பூட்டியபின், குளிர் வெளியேறாதிருக்கச் சுவரின் காற்றுத்துளைகளையும் யன்னல் இடுக்குகளையும் அடைத்துவிட்டோம். நால்வரும் அதற்குள்தான் உறங்குகிறோம். அப்படியும் மின்பட்டியல் குறையவில்லை. விடியும்போது தலை பாரமாக இருக்கிறது, மகன் இருமுகிறான். என்ன செய்யலாம்? (நுளம்புக்குச் சுருள் கொளுத்துவதுண்டு.)

பதில்: அடைப்புக்குறிக்குள் எழுதியதிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு நுளம்புச் சுருள் எரிந்து முடிகையில் வெளிவரும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் அளவுக்கு ஈடானவை என்று 2003 இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. காற்றுத்துளை இருந்தவரை அந்தப் புகைக்கு வெளியேற வழியிருந்தது. சுவரில் பூட்டும் சாதாரண குளிரூட்டி வெளிக்காற்றை உள்ளே எடுப்பதில்லை. அறைக்காற்றையே இழுத்துக் குளிர்வித்துத் திரும்ப விடுவதால், நால்வரின் மூச்சிலிருந்து வரும் காபனீரொட்சைட்டும் விடியும்வரை அங்கேயே சேர்கிறது. சுருளை இன்றே நிறுத்தி நுளம்பு வலை கட்டுங்கள். அடைத்த துளைகளில் இரண்டையாவது திறந்து, நுளம்பு புகாத கம்பிவலை அடியுங்கள்; அதனால் கூடும் மின்செலவு சிறிதே. இருமல் நீடித்தால் மகனை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பட்டியல் குறையாததற்கு இடுக்குகளைவிடக் கூரையே காரணம் என்பேன். பகலில் சீற்றிலிருந்து இறங்கும் வெப்பத்தைச் சுவர்கள் தேக்கிவைத்து இரவில் விடுகின்றன. குளிரூட்டி அதனோடு மல்லுக்கட்டுகிறது. சீலிங் அடித்து, அதன்மேல் வெப்பத்தடைத் தாள் விரித்து, கூரைக்கும் சீலிங்குக்கும் இடையிலுள்ள சூடு வெளியேற முகட்டுச் சுவரில் துளைவிட்டால் வித்தியாசம் தெரியும். சீற்றுக்கு வெள்ளைப் பூச்சு அடிப்பதும் நல்லதே. ஆனால் பாசியைக் கம்பித் தூரிகையால் சுரண்டவோ சீற்றை வெட்டவோ யாரையும் விடாதீர்கள்; அப்போது பறக்கும் அஸ்பெஸ்டஸ் இழைகள் நுரையீரலில் தங்கிவிடும், பல ஆண்டுகளுக்குப் பின்னரும் நோயைத் தரும்.

கச்சான் எனும் சூடான மேல்காற்று வீசும் மாதங்களில் மேற்குப்பக்க யன்னல்களைப் பகலில் சாத்தி, காற்றின் சூடு தணிந்தபின் திறவுங்கள். குளிரூட்டியை 26 பாகையில் வைத்துக்கொண்டு மின்விசிறியையும் ஓடவிடலாம். 75 வாட் விசிறி 10 மணித்தியாலம் ஓடினாலும் முக்கால் அலகுதான். வடிகட்டியை இரு வாரத்துக்கொருமுறை கழுவுங்கள். மாரியில் குளிரூட்டி பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் ஈரத்துணியை மட்டும் அந்த அறைக்குள் காயப்போடாதீர்கள், சுவரில் பூஞ்சணம் பிடித்தால் மகனின் இருமல் மறுபடி தொடங்கும்.