வாசகர் கேள்வி - பதில்: குடியை விட நினைப்பவர்களுக்கான கூட்டங்கள்

பெயர் வேண்டாம் என்ற வாசகி, செந்தூல்: என் கணவர் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் கூடும் அமைப்பு) கூட்டத்துக்குப் போக ஒருவழியாக ஒத்துக்கொண்டார். எங்கே நடக்கிறது, எப்படிச் சேர்வது? அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது.

மனம் மாறுவதற்குள் காரியத்தில் இறங்குங்கள். 'ஏஏ மலேசியா' என்று இணையத்தில் தேடினால் கூட்டங்களின் பட்டியலும் தொடர்பு எண்ணும் கிடைக்கும். அதை மட்டும் நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். குழுவை நடத்துகிறவர்களும் குடியை விட்ட உறுப்பினர்கள்தாம், சம்பள ஆட்கள் அல்லர். நேரமோ இடமோ மாறியிருக்கும். பட்டியலில் பழையதே கிடக்கும். பெருநாள் வாரத்தில் கட்டடமே பூட்டியிருக்கலாம். முதல் தடவையே பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவரை மறுபடி கிளப்புவது பெரும்பாடு.

ஆகவே முந்தின நாளே கேட்டுவிடுங்கள்: இந்த வாரம் கூட்டம் உண்டா, எந்த மொழியில், ஓப்பன் மீட்டிங்கா குளோஸ்டு மீட்டிங்கா, எந்த வாசல், எந்த மாடி. குளோஸ்டு என்றால் குடிப்பழக்கத்திலிருந்து விடுபட நினைப்பவர் மட்டுமே உள்ளே போகலாம். ஓப்பன் என்றால் நீங்களும் பக்கத்தில் உட்காரலாம். இந்தக் கேள்விகளை உங்கள் கணவரே போன் போட்டுக் கேட்டால் இன்னும் நல்லது. போனில் பேசிய குரல் வாசலில் நிற்கும் என்று தெரிந்தால் கால் தயங்காது.

நகரக் கூட்டங்களில் ஆங்கிலமே ஓங்கியிருக்கும். தமிழ் பேசும் உறுப்பினர் யாராவது வருவாரா என்று கேளுங்கள். தமிழ்நாட்டுக் குழுக்கள் பல தமிழிலேயே கூடுகின்றன. இணையவழியில் கூடுவனவும் உண்டு. அங்கே மாலை 7 மணி என்றால் நமக்கு இரவு 9.30. இதைக் கணக்குப் பார்க்காமல் கூட்டத்தைத் தவறவிடுகிறவர்கள் பலர்.

கூட்டம் ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் நடக்கும். ஒவ்வொருவராகப் பேசுவார்கள், யாரும் குறுக்கே பேசமாட்டார்கள், புத்தி சொல்லமாட்டார்கள். "இன்னைக்குக் கேக்க மட்டும் வந்தேன்" என்று சொன்னால் போதும். முழுப்பெயர் வேண்டாம். கட்டணம் கிடையாது, நடுவில் காசுத் தட்டு வரும், புதியவர் எதுவும் போட வேண்டியதில்லை. முடிந்ததும் ஓடி வந்துவிடாமல் பத்து நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். போன் எண்கள் கைமாறுவது அப்போதுதான். அடுத்த நாள் ஏழு மணிக்குக் கை பரபரக்கும்போது அந்த எண்தான் உதவும். ஒரு கூட்டம் பிடிக்காவிட்டால் வேறொன்றுக்குப் போய்ப் பார்க்கட்டும். குழுவுக்குக் குழு வாடை வேறு.

கே.எஸ்., பட்டர்வொர்த்: தினமும் ஒரு போத்தல் சம்சு (மலிவு சாராயம்). முழுதாக நிறுத்திவிட்டுத்தான் கூட்டத்துக்குப் போக வேண்டுமா? ஒரு நாள் விட்டாலே கை நடுங்குகிறது.

வேண்டாம். நிறுத்த வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும். உறுப்பினராக அது ஒன்றுதான் தகுதி. ஆனால் உங்கள் அளவுக்கு நீங்களாகவே சட்டென்று நிறுத்தக் கூடாது. மது மூளையை அமுக்கி வைக்கிறது. மூளையோ அதை ஈடுகட்ட எப்போதும் முடுக்கிவிட்ட நிலையிலேயே பழகிவிடுகிறது. மது போனதும் அந்த முடுக்கம் மட்டும் மிஞ்சுகிறது. கடைசிக் குடிக்குப் பின் 6 முதல் 12 மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் 48 மணி நேரத்தில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குக் குழப்பமும் காய்ச்சலும் வந்து, இல்லாதது கண்ணுக்குத் தெரியும். இந்தக் கட்டத்தில் உயிருக்கே ஆபத்து. வலிப்போ குழப்பமோ வந்தால் 999தான், கூட்டம் அல்ல.

அரசாங்க கிளினிக்குக்குப் போய் மூன்றை ஒளிக்காமல் சொல்லுங்கள்: ஒரு நாளைக்கு எவ்வளவு, கடைசியாகக் குடித்தது எப்போது, முன்பு வலிப்பு வந்ததுண்டா. வெட்கப்பட்டுப் பாதியாகச் சொன்னால் மருந்தும் பாதியாகத்தான் வரும். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி. தேவைப்பட்டால் மருத்துவமனைக்குக் கடிதம் தருவார்கள். டயசெபாம் போன்ற மருந்தைச் சில நாட்களுக்குப் படிப்படியாகக் குறைத்துக் கொடுப்பது வழக்கம். கூடவே பி1 வைட்டமின். வீட்டில் கிடக்கும் தூக்க மாத்திரையைக் குடியோடு சேர்த்து விழுங்காதீர்கள், மூச்சு நின்றுவிடும். உடலைப் பார்க்க டாக்டர், மறுபடி குடிக்காமலிருக்கக் கூட்டம். இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்கலாம்.

எம். ராஜு, பிரிக்பீல்ட்ஸ்: மாதா கோயில் கட்டடத்தில் கூட்டம் நடக்கிறதாமே, மதம் மாற்றுவார்களா?

மாட்டார்கள். மாலையில் சும்மா கிடக்கும் அறை மலிவாகக் கிடைக்கிறது, அவ்வளவுதான். குடியை விட ஏஏ காட்டும் 12 படிகளில் கடவுள் என்ற சொல் வரும். ஆனால் அவரவர் விளங்கிக்கொண்டபடி என்றுதான் அதிலேயே இருக்கிறது. உங்களுக்கு முருகன் என்றால் முருகன். சாமி கும்பிடாதவர்களும் வருகிறார்கள்.

வாசகி, ஆயர் ஈத்தாம்: என் வீட்டுக்காரர் வரவே மாட்டேன் என்கிறார். அவருக்குப் பதிலாக நான் போகலாமா?

அவருக்குப் பதிலாக முடியாது, உங்களுக்காகப் போகலாம். 1951இல் தொடங்கிய அல்-அனான் குடிப்பவரின் குடும்பத்தாருக்கென்றே இருக்கிறது. இணையவழிக் கூட்டங்களில் வீட்டிலிருந்தே சேரலாம். அவர் வேலைக்குப் போன நேரமாகப் பாருங்கள். அவரைத் திருத்தும் வித்தை அங்கே கிடைக்காது. அவருடைய கடனை அடைப்பது, முதலாளிக்குப் போன் போட்டு "காய்ச்சல்" என்று பொய் சொல்வது, இவற்றை எப்படி நிறுத்துவது என்றுதான் பேசுவார்கள். குடித்துவிட்டு அடிக்கிறார் என்றால் கூட்டத்துக்குக் காத்திருக்காதீர்கள்: தாலியான் காசிஹ் என்ற அரசாங்க உதவி எண் 15999, 24 மணி நேரமும்.