ராஜினாமா லெட்டர் எழுதி வாங்கிட்டா பிரச்சனை முடிஞ்சிடுமா?

கேள்வி: வணக்கம் மேடம். பெருங்குடியில 60 பேர் வேலை பாக்குற ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியில நான் ஹெச்ஆர் மேனேஜர். அஞ்சு மாசம் முன்னாடி கான்ட்ராக்டர் பேரோல்ல சேர்ந்த ஒரு பொண்ணு, ஸ்ரீபெரும்புதூர்ல கிளையன்ட் மீட்டிங் முடிஞ்சு கம்பெனி கேப்ல திரும்பும்போது எங்க சேல்ஸ் ஹெட் தப்பா நடந்துக்கிட்டார்னு போன செவ்வாய்க்கிழமை ராத்திரி 11.40க்கு எனக்கு வாட்ஸ்ஆப் பண்ணாங்க. எம்டி கிட்ட சொன்னேன். "ப்ரொபேஷன்ல தானே இருக்கு, ரெண்டு மாச சம்பளம் குடுத்து ராஜினாமா எழுதி வாங்கிடு, ரைட்டிங்ல கம்ப்ளைன்ட் எதுவும் வரலையே"ங்கிறார். எங்க கிட்ட புகார் கமிட்டி இதுவரைக்கும் கிடையாது, அதுக்கு போன வருஷ தேதி போட்டு ஒரு ஆர்டர் ரெடி பண்ணச் சொல்றார். எனக்கு ரெண்டு பிள்ளைங்க, வீட்டு லோன் ஓடுது. அந்தப் பொண்ணுக்கு இன்னும் பதில் அனுப்பல, என்ன எழுதுறதுன்னே தெரியல. நாளைக்கு என் பேருக்கு ஏதாவது வருமா?

பதில்: தம்பி, கடைசியா கேட்டீங்களே, அதுக்கு முதல்ல பதில் சொல்லிடுறேன். வரும். பணியிடத்துல பெண்கள் மேல நடக்கிற பாலியல் துன்புறுத்தலைத் தடுக்குற 2013ஆம் வருஷ சட்டத்துல "எம்ப்ளாயர்"னா ஓனர் மட்டும் இல்ல, அந்த இடத்தோட நிர்வாகம், மேற்பார்வை, கட்டுப்பாடு யார் கையில இருக்கோ அவங்களும்தான், அதுலயும் நிர்வாகம்ங்கிற வார்த்தைக்கு விளக்கம் குடுக்கும்போது பாலிசி போட்டு அதை நடத்துறவங்களையும் சேர்த்துதான் எழுதியிருக்காங்க. உங்க கம்பெனியில லீவ் பாலிசியில இருந்து ஐடி கார்டு வரைக்கும் யார் கையெழுத்துல போகுதுன்னு யோசிச்சுப் பாருங்க. 10 பேரோ அதுக்கு மேலயோ இருக்கிற இடத்துல இந்த மாதிரிப் புகாரை விசாரிக்கிற உள் கமிட்டி இல்லன்னா 50,000 ரூபாய் வரைக்கும் அபராதம், ரெண்டாவது தடவை மாட்டினா அது டபுள், தொழில் நடத்துற லைசென்ஸே போகவும் வழி இருக்கு. எம்டி தப்பிச்சு நீங்க மட்டும் மாட்டுவீங்கன்னு பயமுறுத்தல, ஆனா அவர் போன்ல வாயால சொல்றதை எல்லாம் நீங்கதான் பேப்பர்ல செய்யப் போறீங்க, பேப்பர்ல இருக்கிற கைதான் கோர்ட்டுக்கு வரும்.

இதை நான் நேர்லயே பாத்திருக்கேன். சில வருஷம் முன்னாடி ஒரு பொண்ணுக்காக ஆஜரானேன், கம்பெனி பக்கம் அவங்க ராஜினாமா லெட்டரைக் காட்டி "சொந்தக் காரணத்துக்காக அவங்களாவே போயிட்டாங்க"ன்னு சொன்னாங்க. லெட்டரைக் கையில வாங்கிப் பாத்தா கீழ கையெழுத்துல இனிஷியல் பேருக்கு முன்னாடி இருக்கு, அந்தப் பொண்ணு எப்பவும் அப்படித்தான் போடும், ஆனா மேல டைப் பண்ண பேர்ல இனிஷியல் பின்னாடி இருக்கு, அந்த ஆபீஸ் பேஸ்லிப்ல வர்ற மாதிரியே. தன் ராஜினாமாவைத் தானே டைப் பண்ற ஆளு தன் பேரையே மாத்தி எழுதுமா? ஹெச்ஆரை குறுக்கு விசாரணையில "இது யார் சிஸ்டத்துல டைப் பண்ணது"ன்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். ரொம்ப நேரம் பேசாம நின்னுட்டு "என் சிஸ்டம்தான்"னார். அவருக்கும் உங்க வயசுதான் இருக்கும். அவரை அந்த லெட்டரை டைப் பண்ணச் சொன்ன முதலாளி அன்னைக்கு கோர்ட் பக்கமே வரல. அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கல, உங்க மெயிலைப் படிச்சதும் அவர்தான் ஞாபகத்துக்கு வந்தார், அதனாலதான் இவ்வளவு நீட்டி எழுதுறேன்.

அதனால ராஜினாமா வாங்காதீங்க. வாங்கினாலும் புகார் சாகாது. சம்பவம் நடந்து மூணு மாசத்துக்குள்ள அவங்க புகார் குடுக்கலாம், தகுந்த காரணம் இருந்தா கமிட்டி அதை எழுதி வெச்சு இன்னும் மூணு மாசம் நீட்டலாம், வேலையை விட்டுப் போனாலும் அந்த உரிமை போகாது. ரெண்டு மாச சம்பளம் விஷயம் அதைவிட மோசம். சமரசம்னு ஒரு வழி சட்டத்துலயே இருக்குதான், ஆனா அந்தப் பொண்ணு தானா கேட்டாதான், அதுவும் கமிட்டி மூலமாத்தான், பணம் குடுத்து முடிக்கக் கூடாதுன்னு 10ஆவது பிரிவுல வெளிப்படையாவே எழுதியிருக்கு. எம்டி நீட்டச் சொல்ற அந்தப் பணம்தான் நாளைக்கு அவருக்கு எதிரான முதல் சாட்சி.

எம்டி சொல்றதுல ஒரு இடத்துல பாதி உண்மை இருக்கு, அதை மறைக்கல. தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டம் 1947ல 41ஆவது பிரிவு, நியாயமான காரணமும் ஒரு மாச நோட்டீஸும் இல்லாம ஆளை நிறுத்தக் கூடாதுன்னு சொல்ற பாதுகாப்பு, ஆறு மாசம் தொடர்ந்து வேலை பாத்தவங்களுக்குத்தான். இவங்களுக்கு அஞ்சு மாசம்தான் ஆச்சு. ஆனா 2013 சட்டத்துக்கு அந்த ஆறு மாசக் கணக்கே கிடையாது. ப்ரொபேஷன், ட்ரெய்னி, கான்ட்ராக்டர் மூலமா வந்தவங்க, தினக்கூலி எல்லாருமே எம்ப்ளாயிதான். வேலை விஷயமா போற இடமும், போய் வர்றதுக்கு கம்பெனி குடுக்கிற வண்டியும் பணியிடம்தான். ஸ்ரீபெரும்புதூர்ல இருந்து வந்த அந்த கேப் உங்க ஆபீஸ் கேபினுக்கு சமம், "அது வெளிய நடந்தது"ன்னு யாரும் தட்டிக் கழிக்க முடியாது.

ரைட்டிங்ல வரலங்கிறதும் நிக்காது. எழுத்துல குடுக்க முடியாம இருந்தா எழுத உதவி பண்றது கமிட்டியோட கடமைன்னு அதே 2013 சட்டத்தோட 9ஆவது பிரிவு சொல்லுது. தவிர, ராத்திரி 11.40க்கு ஒரு பொண்ணு பயந்து போய் டைப் பண்ணது எழுத்து இல்லாம வேற என்ன? அந்த சாட்டை அழிக்காதீங்க, ஸ்கிரீன்ஷாட் எடுத்தா போதும்னு போனை மாத்திடாதீங்க, கோர்ட்டுக்குப் போனா இப்போ இருக்கிற சாட்சியச் சட்டம் 63ஆவது பிரிவுப்படி சர்டிபிகேட்டோட காட்ட வேண்டி வரும். கேப் வெண்டருக்கு இன்னைக்கே மெயில் போட்டு அன்னைக்கு ட்ரிப் ஷீட், ஜிபிஎஸ் ரெக்கார்டு, டிரைவர் பேர் எல்லாத்தையும் பத்திரமா வைக்கச் சொல்லுங்க. காரணம் எழுத வேண்டாம், விஷயம் வெளிய கசியக் கூடாது, 2013 சட்டத்தோட 16ஆவது பிரிவு ரகசியம் காக்கச் சொல்லுது.

போன வருஷ தேதி போட்ட கமிட்டி ஆர்டர், தயவுசெஞ்சு வேண்டாம். அது பொய் ஆவணம், குற்றம். அதுல பிழைக்கவும் முடியாது, ஏன்னா கமிட்டியில வெளியாள் ஒருத்தர் கட்டாயம் இருக்கணும், பெண்கள் பிரச்சனையில வேலை செய்யற அமைப்புல இருந்தோ இந்த விஷயம் தெரிஞ்சவங்களாவோ. போன வருஷம் அவங்களுக்கு எப்போ மெயில் போட்டீங்க, எப்போ சம்மதிச்சாங்க, எந்த அக்கவுன்ட்ல ஃபீஸ் போச்சுன்னு கேட்டா மூணு நிமிஷத்துல உடைஞ்சிடும். இன்னொன்னு, உங்க கம்பெனி, கம்பெனிகள் சட்டம் சொல்ற சின்ன கம்பெனிங்கிற வரையறைக்குள்ள வரலன்னா, டைரக்டர்ஸ் ரிப்போர்ட்ல "கமிட்டி அமைச்சிருக்கோம்"னு ஒரு வரி வருஷா வருஷம் போகணும், பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்க, அந்த வரி ஏற்கனவே கையெழுத்தாகிப் போயிருந்தா எம்டியோட தலைவலி வேற லெவல், ஆடிட்டரை இன்னைக்கே கூப்பிடச் சொல்லுங்க.

கமிட்டியை இன்னைக்குத் தேதியிலயே போடுங்க. லேட்டா போட்டது தப்புதான், ஆனா இன்னைக்குப் போட்ட கமிட்டி இந்தப் புகாரை விசாரிக்கலாம். தலைவரா சீனியர் போஸ்ட்ல இருக்கிற ஒரு பெண், ஊழியர்கள்ல இருந்து குறைஞ்சது ரெண்டு பேர், வெளியாள் ஒருத்தர், மொத்தத்துல பாதிக்குக் குறையாம பெண்கள். வெளியாளா எம்டியோட நண்பரைப் போடாதீங்க, பயப்படாம பேசுற ஆளைப் பிடிங்க, இந்த ஒரு இடத்துல நீங்க எடுக்கிற முடிவுதான் முழு விசாரணையோட தரத்தையே தீர்மானிக்கும். ஆர்டரை நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க, மத்திய அரசோட ஷீ-பாக்ஸ்ங்கிற புகார் போர்டல்லயும் ஏத்திடுங்க. புகார் எம்டி மேலயே இருந்திருந்தா இது நடக்காது, கலெக்டர் கீழ இருக்கிற லோக்கல் கமிட்டிக்குத்தான் போகணும், இங்க அந்த நிலைமை இல்ல.

சேல்ஸ் ஹெட்டுக்கும் நியாயம் கிடைக்கணும், அதுல குறை வெச்சா நாளைக்கு மொத்த விசாரணையும் அப்பீல்ல போயிடும். புகார் காப்பி 7 வேலை நாளுக்குள்ள அவருக்குப் போகணும், பதில் குடுக்க அவருக்கு 10 வேலை நாள், ரெண்டு பக்கமும் வக்கீல் உள்ள வர முடியாது, 90 நாள்ல விசாரணை முடியணும், அடுத்த 10 நாள்ல ரிப்போர்ட், அதுக்கு மேல 60 நாள்ல கம்பெனி நடவடிக்கை எடுக்கணும். அதுவரைக்கும் அந்தப் பொண்ணு அவருக்குக் கீழ ரிப்போர்ட் பண்ண வேண்டாம், அவங்க அப்ரைசலை அவர் தொடக் கூடாது, அவங்க எழுதிக் கேட்டா மூணு மாசம் வரைக்கும் லீவு குடுக்கலாம், அது அவங்க சொந்த லீவுல கழியாது. போலீஸுக்குப் போகணும்னு அவங்க சொன்னா தடுக்காதீங்க, அதுக்கு உதவி பண்றதும் எம்ப்ளாயர் கடமைதான். புகாரை நிரூபிக்க முடியலங்கிறதுக்காக மட்டும் பொய்ப்புகார்னு நடவடிக்கை எடுக்க முடியாது, இதை எம்டி கேப்பார், சொல்லி வைங்க.

எம்டிக்கு இன்னைக்கே ஒரு மெயில் போடுங்க, சண்டை தொனி வேண்டாம், இப்படி எழுதினா போதும்: "சார், போன்ல சொன்னபடி ராஜினாமா வாங்கவோ முன்தேதியிட்ட ஆர்டர் போடவோ சட்டத்துல வழியில்ல, கம்பெனிக்கே ஆபத்து. இன்றைய தேதியில் கமிட்டி அமைக்கும் ஆர்டர் இணைச்சிருக்கேன், உங்க கையெழுத்து வேணும்." வேலை போயிடுமோன்னு நீங்க பயப்படுறது புரியுது, அந்த பயம் நியாயமானது, ஆனா நாளைக்கு உங்களைக் காப்பாத்த இருக்கப் போறது இந்த மெயில் ஒண்ணுதான். காப்பியை பிரின்ட் எடுத்து வீட்டுல வைங்க.

அதுக்கும் முன்னாடி, இதைப் படிச்சு முடிச்ச கையோட, அந்தப் பொண்ணுக்கு பதில் அனுப்புங்க. செவ்வாய்க்கிழமையில இருந்து ரெண்டு நீல டிக்கைப் பாத்துக்கிட்டு அது உக்காந்திருக்கும். ஏன் அந்த கேப்ல போனீங்க, ஏன் அப்பவே சத்தம் போடலன்னு எதுவும் கேக்காதீங்க. இதை மட்டும் அனுப்புங்க: "உங்க மெசேஜ் பாத்தேன் மா, பதில் சொல்ல லேட்டானதுக்கு மன்னிச்சுக்கோங்க. இதைப் புகாராவே எடுத்துக்கிறோம். நாளையில இருந்து நீங்க அவருக்கு ரிப்போர்ட் பண்ண வேண்டாம், உங்களுக்குத் தனி கேப் வரும். உங்க வேலைக்கு எதுவும் ஆகாம பாத்துக்கிறது என் பொறுப்பு. எழுதித் தர உதவி வேணும்னா கமிட்டியில இருக்கிற மேடம் உங்களைக் கூப்பிடுவாங்க, உங்களுக்கு எப்போ பேச வசதிப்படும்னு மட்டும் சொல்லுங்க."