பாதிக்கப்பட்ட மக்களிடம் பேட்டி எடுக்கப் போகும் ஊடகவியலாளர் முதலில் என்ன கேட்க வேண்டும்?

நீங்கள் ஊடகக் கற்கை மாணவர் என்று நினைக்கிறேன், முதன்முதலாக இலங்கையின் வடக்கே எங்கள் வன்னிப் பக்கம் வரப்போகிறீர்கள் போலும். என் பதில்: முதலில் எதையும் கேட்காதீர்கள். பேச விடுங்கள்.

நான் இங்கே பிராந்தியச் செய்தியாளர். விருது வாங்கியவன் இல்லை. ஆனால் வெளியிலிருந்து வரும் குழுக்களை ஊருக்குள் கூட்டிப்போய் வருகிறவன் என்பதால் இதைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு.

2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கின. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தார்கள், சிறு குளங்களும் நிரம்பி வழிந்து வான் பாய்ந்தன. மழைக்காலப் பயிரான காலபோக நெல், கதிர் வெளிவருவதற்கு முந்திய குடலைப் பருவம். அப்போது ஒரு தொலைக்காட்சிக் குழு வந்தது. வயல் வரம்பில் நின்ற ஒரு பெரியவரிடம், "வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது மனம் எப்படி இருந்தது?" என்று கேட்டார்கள். அவர், "தம்பி, அதை விடும். உந்த றோட்டைப் பாரும். மதகு சின்னன், காணாது. தண்ணி அங்காலை போகேலாமல்தான் வயலுக்குள்ள ஏறினது" என்றார். திரும்பவும் மனதைப் பற்றியே கேட்டார்கள். அவர் திரும்பவும் மதகைச் சொன்னார். அவர் அழவில்லை, அதனால் வேறு ஆளைத் தேடிப் போய்விட்டார்கள்.

அன்று பின்னேரம் ஒரு பத்திரிகையாளர் வந்தார், வயதானவர். செருப்பைக் கழற்றிவிட்டுப் பெரியவரோடு குளக்கட்டில் நடந்தார். பெரியவர் தடியால் சேற்றில் கீறிக் காட்டினார்: இது குளம், இது வான், இது பழைய வாய்க்கால், இது புது றோட்டு. "எனக்கு விளங்கவில்லை ஐயா, இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றார் அந்த மனிதர். அத்தனை வருட அனுபவம் உள்ளவர் ஒரு கமக்காரரிடம், ஒரு விவசாயியிடம், அப்படிச் சொன்னதை நான் மறக்கவே இல்லை. கேட்டதை அப்படியே எழுதவும் இல்லை. கமக்காரர் அமைப்பிடமும் பொறியியலாளரிடமும் விசாரித்த பிறகே எழுதினார். உள்பக்கத்தில்தான் வந்தது, மதகும் உடனே பெரிதாகவில்லை. ஆனால் கமக்காரர் அமைப்பு அந்தப் பத்திரிகைத் துண்டை இன்றும் கூட்டத்துக்குக் கூட்டம் அதிகாரிகளிடம் நீட்டுகிறது.

போர்க்காலத்தில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரிடம் போவதென்றால் இன்னும் கவனம் வேண்டும். 2017 பிப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் அவர்கள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அதற்கு முன்பே நல்லிணக்க ஆணைக்குழு, பரணகம ஆணைக்குழு என்று அரசு அமைத்த விசாரணைக் குழுக்களிடம் சாட்சி சொல்லியாகிவிட்டது, பிறகு காணாமல் போனோர் அலுவலகமும் வந்தது. பிள்ளையைக் கடைசியாகக் கண்ட நாளை நீங்களும் ஒருமுறை சொல்ல வைக்க வேண்டுமா? அது ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது, படித்துவிட்டுப் போங்கள். அந்த அம்மா இன்று எதைச் சொல்ல வந்தாரோ அதைக் கேளுங்கள்.

"செய்தி அனுப்ப நேரம் நெருக்கும்போது இதெல்லாம் நடக்குமா?" என்று சிலர் கேட்பார்கள். நானும் அதே அவசரத்தில்தான் வேலை செய்கிறேன். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் அப்படி என்றும் சொல்லவில்லை, அந்தப் பத்திரிகையாளரும் கொழும்புக்காரர்தான். அதிகாரிகளிடம் கடுமையாகக் கேட்க வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. அங்கே விடாமல் கேளுங்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குச் செய்திக்கு இவ்வளவு என்றுதான் காசு, மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் எங்கள் செலவு. நாங்கள் கூட்டிப்போய்ச் சேர்த்த செய்தி வெளியாகும்போது எங்கள் பெயர் இருக்காது. மக்களுக்குக் காது கொடுப்பது பற்றிக் கருத்தரங்கு வைக்கிற ஆசிரியபீடங்கள் தங்கள் பிராந்தியச் செய்தியாளரின் தொலைபேசி அழைப்பையாவது எடுக்கலாம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். காலையில் வயல் வேலை, பின்னேரம் போங்கள். எழுதியதை அச்சுக்கு முன் அவர்களுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டுங்கள். பெயரை எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிடுங்கள், ஏன் என்று துருவ வேண்டாம்.