தினமும் இரண்டு வேளை பல் துலக்கியும் பல் இடுக்கில் சொத்தை வருமா? இடுக்கைச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் நூல் அவசியம்தானா?

வரும். எனக்கு வந்தது. வலி, கூச்சம், கறுப்புப் புள்ளி என்று எந்த அறிவிப்பும் இல்லாமல் வந்தது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் பற்காரையை நீக்கிக்கொள்ளலாம் என்றுதான் பல் மருத்துவரிடம் போனேன். வாய்க்குள் சிறு கண்ணாடியை விட்டுத் துழாவிய அவர், வெளிப்பார்வைக்குச் சொத்தை எதுவும் இல்லை என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு வேளைகூடத் தவறாமல் பல் துலக்குகிறவன் நான். "எதற்கும் ஒரு படம் எடுத்துவிடுவோம்" என்று சிறிய தகடு ஒன்றை வாய்க்குள் வைத்துக் கடிக்கச் சொன்னார். மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டின் தலைப்பகுதியும் சேர்ந்து விழும் எக்ஸ்ரே அது.

படம் திரைக்கு வந்ததும் பேனா முனையால் இரண்டு இடங்களைத் தொட்டுக் காட்டினார். இரண்டு கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று தொடும் இடத்துக்கும் ஈறுக்கும் நடுவே, பல்லின் வெளிப்பூச்சான வெள்ளை எனாமலில் எறும்பு கடித்தாற்போல ஒரு நிழல். அடுத்த இடுக்கில் இன்னொன்று. அது எனாமலைத் தாண்டி உள்ளே இறங்கி, அங்கே அகன்று பரவியிருந்தது.

கடைவாய்ப் பல்லுக்கு ஐந்து முகங்கள். மெல்லும் பக்கம், கன்னப் பக்கம், நாக்குப் பக்கம். மீதி இரண்டும் அண்டைப் பற்களை ஒட்டிய சுவர்கள். பிரஷ் எட்டுவது முதல் மூன்றைத்தான். பற்கள் நெருக்கமாக இருந்தால் எவ்வளவு மெல்லிய தூவியாக இருந்தாலும் அந்தச் சுவர்களுக்குள் நுழையாது. அங்கே படிந்த படலத்தில் வாழும் பாக்டீரியாக்கள் நாம் சாப்பிடும் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு (குறையக் குறைய அமிலம் அதிகம்) ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலின் தாது கரையத் தொடங்கும். மற்ற இடங்களில் உமிழ்நீர் அமிலத்தைக் கழுவி, இழந்த தாதுவையும் ஓரளவு திருப்பிக் கொடுத்துவிடும். இடுக்குக்குள் அது தாராளமாகப் போய்வர முடியாது.

எனாமலில் நரம்பு இல்லை என்பதால் வலியும் இல்லை. அரிப்பு எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டின் அடுக்கு வரை போய்விட்டால், அது எனாமலைவிட மிருதுவானது என்பதால், பக்கவாட்டில் பரவும். கறையான் அரித்த நிலைக்கதவு மாதிரி வெளியே பூச்சு அப்படியே நிற்கும். விரலால் அழுத்தும் வரை தெரியாது. பலருக்கு எதையோ கடிக்கும்போது பல்லின் ஓரம் உடைந்து விழுந்த பிறகுதான் தெரியவருகிறது.

பெரிய நிழலுக்கு ஃபில்லிங். எனக்கு மனம் ஆறாதது, அந்தக் குழியை அடைய மேலே பழுதில்லாமல் இருந்த விளிம்பையும் சேர்த்துக் குடைய வேண்டியிருந்ததுதான். பிறகு மெல்லிய உலோகப் பட்டையைப் பல்லைச் சுற்றி இறுக்கி, இடுக்கில் சிறு ஆப்பு செருகி, இல்லாமல் போன சுவரை அவர் புதிதாக எழுப்பினார். சின்ன நிழலைத் தொடவில்லை. "எனாமலோடு நிற்கிறது, கவனித்துக்கொண்டால் இப்படியே நின்றுவிடக்கூடும்" என்றார்.

அன்று முதல் நூல் விட்டுப் பார்க்கிறேன். ஆரம்பத்தில் செய்ததெல்லாம் தவறு. நூலை இடுக்கில் வெடுக்கென்று இறக்கி, சிக்கிய துணுக்கோடு வெளியே இழுத்துவிட்டு வேலை முடிந்ததாக நினைத்தேன். துணுக்கு எடுப்பது அதில் பாதிகூட இல்லை. சுவரில் ஒட்டியிருக்கும் படலத்தைத் தேய்த்து எடுக்க வேண்டும். சுமார் 45 சென்டிமீட்டர் நூலை இரண்டு நடுவிரல்களிலும் சுற்றிக்கொண்டு, இடையில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் விறைப்பாகப் பிடித்து, ரம்பம் இழுப்பதுபோல மெல்ல முன்னும் பின்னும் அசைத்து இறக்குங்கள். இறங்கியதும் ஒரு பல்லின் மேல் வளைத்துப் பிடித்து, ஈறின் விளிம்புக்குச் சற்று உள்ளே வரை மேலும் கீழுமாகச் சில முறை வழியுங்கள். பிறகு அதே இடுக்கின் மறு சுவர். ஒரு இடுக்குக்கு இரண்டு சுவர்கள் என்பதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

முதல் சில நாட்கள் ரத்தம் வந்தது. பயந்து நிறுத்திவிடாதீர்கள். வீங்கிய ஈறுதான் பெரும்பாலும் கசியும். தினமும் செய்தால் ஓரிரு வாரங்களில் அடங்கும். அடங்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

"ஃப்ளாஸால் பயனில்லை என்று செய்தியில் வந்ததே?" என்று யாராவது கேட்பார்கள். 2016-இல் அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டியில் அந்தப் பரிந்துரை இடம்பெறாமல் போனது, செய்தியும் ஆனது. ஈறு அழற்சியை நூல் குறைக்கக்கூடும் என்றும், சொத்தையைப் பொறுத்தவரை ஆதாரம் போதவில்லை என்றும்தான் 2019-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பும் சொன்னது. 2006-இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வுதான் எனக்குச் சுவையாகப் பட்டது. பயிற்சி பெற்றவர்களே பள்ளி நடக்கும் நாட்களில் குழந்தைகளுக்கு ஒன்றரை ஆண்டுக்கு மேல் நூல் போட்டுவிட்டபோது இடுக்குச் சொத்தையின் அபாயம் 40 சதவீதம் குறைந்திருந்தது. தாங்களாகவே போட்டுக்கொண்டவர்களிடம் பலன் தென்படவில்லை. என் முதல் மாதத்தை நினைத்துப் பார்த்தால் இதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

ஆகவே நூலை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஃப்ளோரைடு பற்பசைதான் முதல் காவல். நான் நூலை முதலில் போட்டுவிட்டு, பிறகு துலக்குகிறேன். இடுக்கு திறந்திருக்கும்போது ஃப்ளோரைடு உள்ளே போகட்டும் என்பதற்காக. துலக்கியதும் நுரையைத் துப்புவதோடு சரி, வாய் கொப்பளிப்பதில்லை. இனிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கக் கொறிப்பதும் நின்றது. ஈறு இறங்கி இடைவெளி விழுந்தவர்களுக்கு நூலைவிட இடுக்கு பிரஷ் நன்றாக வேலை செய்யும். பொருந்தும் அளவை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள், திணிக்காதீர்கள். பல் குத்தும் குச்சி இதில் சேர்த்தி இல்லை.

இன்னொன்று. நூல் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பிசிறினாலோ, முன்பு சிக்காத இடத்தில் புதிதாக உணவு சிக்கினாலோ அசட்டை செய்யாதீர்கள். சொத்தையின் உடைந்த விளிம்பாக இருக்கலாம், துருத்திய ஃபில்லிங்காகவும் இருக்கலாம். எனக்குச் சென்ற ஆண்டு இடது பக்கம் பிசிறியது. ஃபில்லிங்கின் விளிம்புதான், ஐந்து நிமிடத்தில் தேய்த்துச் சமன் செய்துவிட்டார். அன்றே பழைய படத்தையும் புதிய படத்தையும் திரையில் அருகருகே வைத்துக் காட்டினார். அந்தச் சின்ன நிழல் அதே அளவில் நின்றிருந்தது.