வெள்ளி வால்மீனாக இருந்ததா? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வியாழனிலிருந்து பிறந்து, வால்மீனாகத் திரிந்து, பிறகு கோளானதுதான் வெள்ளி என்று எழுத்தாளர் வெலிகோவ்ஸ்கி 1950-இல் எழுதினாரே. அதில் எந்த அளவுக்கு உண்மை? – திருச்சி வாசகர்

துளியும் இல்லை. வியாழன் பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமும். வெள்ளி பாறையும் இரும்பும். அடர்த்தி தண்ணீரைப்போல 5 மடங்குக்கு மேல். வியாழனின் பிடியிலிருந்து ஒரு பொருள் தப்ப நொடிக்கு 60 கி.மீ. வேகம் வேண்டும். பூமியின் நிறையில் 80 சதவீதம் உள்ள ஒரு கோளுக்கு அந்த வேகத்தைக் கொடுக்கும் வெடிப்பு, அதை ஆவியாக்கிவிடும்.

பாதையையும் பாருங்கள். எட்டுக் கோள்களில் வட்டத்துக்கு மிக நெருங்கிய பாதை வெள்ளியுடையது, மையவிலகல் 0.007 (முழு வட்டமென்றால் 0). வெலிகோவ்ஸ்கி சொல்வதுபோல 3,500 ஆண்டுகளுக்கு முன் வால்மீன்போல நீண்ட பாதையில் ஓடிய கோள் இன்று இப்படிச் சுற்ற வேண்டுமானால், அத்தனை ஆற்றலையும் எங்கேயாவது இறக்கி வைத்திருக்க வேண்டும். எங்கே என்று அவரும் சொல்லவில்லை, பின்வந்தவர்களும் சொல்லவில்லை.

ஆனால் வெள்ளி சூடாக இருக்கும் என்று அவர் முன்பே சொன்னது பலித்ததே? – ஈரோடு வாசகர்

"சூடு" என்றார், எத்தனை டிகிரி என்று சொல்லவில்லை. எண் இல்லாத கணிப்பைச் சரிபார்க்க வழியில்லை. அவருக்குப் பத்து ஆண்டுகள் முன்பே, 1940-இல், வானியலாளர் ரூபர்ட் வில்ட் கரியமில வாயுவின் பசுமைக்குடில் விளைவைக் கணக்கிட்டு, வெள்ளியின் தரை தண்ணீர் கொதிக்கும் நிலைக்கு மேல் இருக்கும் என்றார். காரணத்தோடு வந்த கணிப்பு அது. இன்று தெரிந்த அளவு சுமார் 460 டிகிரி செல்சியஸ்; அழுத்தம் பூமியைப்போல 90 மடங்கு.

வெலிகோவ்ஸ்கி வெள்ளியின் மேகங்களில் பெட்ரோலிய வாயுக்கள் இருக்கும் என்றும் எழுதினார். அங்கே இருப்பது கந்தக அமில மேகம். பலித்ததை மட்டும் எண்ணி, பலிக்காததை விட்டுவிடுவது கணக்கே அல்ல. தவிர, 1990-94இல் மெகல்லன் விண்கலம் ரேடாரில் வரைந்த வெள்ளித் தரையில் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான மோதல் பள்ளங்கள் இருக்கின்றன. அத்தனை பள்ளங்கள் விழக் கோடிக்கணக்கான ஆண்டுகள் வேண்டும்.

பழைய நூல்களில் எல்லாம் கிரகங்கள் மோதிக்கொண்டதாக இருக்கிறதே, ஏன் விஞ்ஞானிகள் ஏற்பதில்லை? – ஊர் குறிப்பிடாத வாசகர்

எந்த நூல்? எந்த மொழி? எத்தனையாம் பாட்டு, எந்த நூற்றாண்டுப் படி? இவை இல்லாமல் கேள்வி அனுப்பாதீர்கள். "கிரக யுத்தம்" என்று சோதிட நூல்கள் சொல்வது இரண்டு கோள்கள் வானில் ஒரு டிகிரிக்குள் நெருங்கித் தெரிவதை. அவற்றுக்கிடையே கோடிக்கணக்கான கி.மீ. இடைவெளி இருக்கும். பஞ்சாங்கம் பார்ப்பவர்களுக்கு இது தெரிந்ததுதான்.

பாபிலோன் களிமண் பலகை ஒன்றில் வெள்ளி 9 மாதம் 4 நாள் வானத்திலிருந்து மறைந்தது என்று எழுதியிருக்கிறதாம். இன்றைய வெள்ளி அப்படி மறையாதே. அப்படியானால் அன்று பாதை வேறாகத்தானே இருந்திருக்கும்? – சேலம் வாசகர்

இந்த ஒரு வரியை மட்டும் கிள்ளி எடுத்து வைத்துக்கொண்டு எழுதப்பட்ட பக்கங்களுக்கு அளவே இல்லை. பலகையின் முதல் வரியைக்கூட இவர்கள் படிப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம். ஆகவே விரிவாகவே சொல்கிறேன்.

இது அம்மிசதுகாவின் வெள்ளிப் பலகை. நினிவேயில் கிடைத்து, இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் கே.160 என்ற எண்ணில் இருக்கிறது. கையில் இருப்பது கி.மு. 7-ஆம் நூற்றாண்டுப் படி. அதில் உள்ள கவனிப்புகள் அதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு மூத்தவை. பாபிலோன் மன்னன் அம்மிசதுகாவின் காலத்தவை. பலகையில் வரும் "பொன் அரியணை ஆண்டு" அவனுடைய எட்டாம் ஆண்டின் பெயர் என்று 1912-இல் ஆய்வாளர் குக்லர் கண்டுபிடித்தார். அதை வைத்துத்தான் காலம் நின்றது. ஆயிரம் ஆண்டு கைமாறிக் கைமாறி எழுதப்பட்ட பட்டியல் என்பதை முதலில் மனத்தில் வையுங்கள்.

உள்ளே இருப்பது 21 ஆண்டுகளின் சுக்கிர அஸ்தமனமும் உதயமும். முதல் ஆண்டு இப்படி: 11-ஆம் மாதம் 15-ஆம் நாள் மேற்கில் மறைந்தது, 3 நாள் காணவில்லை, அதே மாதம் 18-ஆம் நாள் கிழக்கில் தெரிந்தது. மாலை வெள்ளி சூரியனுக்கும் நமக்கும் நடுவே புகுந்து விடிவெள்ளியாக வெளிவரும் இடம் இது. சில நாளிலிருந்து இரண்டு வாரம் வரை ஆகும், இன்றும் அப்படியே.

இப்போது ஒன்பதாம் ஆண்டுக்கு வாருங்கள். 3-ஆம் மாதம் 11-ஆம் நாள் மேற்கில் மறைந்தது. 9 மாதம் 4 நாள் காணவில்லை. 12-ஆம் மாதம் 15-ஆம் நாள் கிழக்கில் தெரிந்தது. இதுதான் நீங்கள் கேட்ட வரி.

கணக்கைப் போடுங்கள். வெள்ளியின் ஒரு சுற்று, அதாவது ஒரு மறைவிலிருந்து அடுத்த அதே மறைவு வரை, 584 நாள். ஐந்து சுற்று சுமார் 2,920 நாள். எட்டு ஆண்டில் 99 சந்திர மாதம், அதாவது சுமார் 2,924 நாள். வித்தியாசம் 4 நாள். ஆகவே எட்டு ஆண்டுக்கு ஒருமுறை அதே நிகழ்ச்சி அதே பருவத்தில், ஆனால் சந்திர மாதத் தேதியில் 4 நாள் முந்தி நடக்கும். முதல் ஆண்டில் 15-ஆம் நாள் மறைந்தது, ஒன்பதாம் ஆண்டில் 11-ஆம் நாள் மறைய வேண்டும். பலகையில் 11 என்றே இருக்கிறது. 18-இல் தெரிந்தது 14 வாக்கில் தெரிய வேண்டும், பலகையில் 15. மறைவு 4 நாள். அந்த "4 நாள்" வரியிலேயே இருக்கிறது. நாள் எண்கள் எல்லாம் சரி. மறைந்த மாதத்தின் பெயர் மட்டும் பிசகியிருக்கிறது. 12-ஆம் மாதம் இருக்க வேண்டிய இடத்தில் 3-ஆம் மாதம் ஏறிவிட்டது. (முதல் ஆண்டில் 11-ஆம் மாதம், இங்கே 12 ஏன் என்று கேட்கலாம். அதிக மாதம் சேர்த்த ஆண்டும் சேர்க்காத ஆண்டும் இடையில் வருவதால் ஒரு மாதம் தள்ளும்.) பிறகு வந்த எழுத்தர் 3-க்கும் 12-க்கும் இடைவெளியைக் கூட்டி "9 மாதம்" என்று எழுதிச் சேர்த்துவிட்டார்.

ஒரு மாதப் பெயரைத் திருத்தினால் வரி முழுவதும் பொருந்துகிறது. அதை விட்டுவிட்டு ஒரு கோளையே நகர்த்தப் பார்க்கிறார்கள். அடுத்த ஆண்டுப் பதிவு 8-ஆம் மாதம் 10-ஆம் நாள் கிழக்கில் மறைந்து 10-ஆம் மாதம் 16-இல் மேற்கில் தெரிந்ததாகச் சொல்கிறது. இது இரண்டு மாதத்துச் சொச்சம். சூரியனுக்குப் பின்னால் போகும்போது வழக்கமாக ஆவதுதான். பாதை குலைந்த கோள் ஓர் ஆண்டு ஒழுங்காக நடக்காது.

வெலிகோவ்ஸ்கி வெள்ளியின் கலகத்தை கி.மு. 1500 வாக்கில் வைக்கிறார். இந்த எட்டாண்டு ஒழுங்கு அதற்கு முந்தியது. அட்லாண்டிக்குக்கு அப்பால் மாயர்களும் இதே 584-ஐத்தான் பிடித்தார்கள்: 236, 90, 250, 8 என்று நான்கு துண்டாகப் பிரித்து வைத்தார்கள். கூட்டிப் பாருங்கள்.

மொழிபெயர்ப்பின் ஒரு வரியைச் சாட்சியாக நிறுத்தாதீர்கள். முந்தைய வரியையும் அடுத்த வரியையும் படியுங்கள்.

அப்படியானால் தமிழ்ச் சான்று? புறநானூறு 35-ஆம் பாட்டும் பட்டினப்பாலையும் வெள்ளி தெற்கே போனது என்கின்றனவே. – மதுரை வாசகர்

"போனது" என்று சொல்லவில்லை. "இலங்குகதிர் வெள்ளி தென்புலம் படரினும்" என்கிறது புறம். பட்டினப்பாலையில் வெண்மீன் "திசைதிரிந்து தெற்கேகினும்". படரினும், ஏகினும்: அப்படியே ஆனாலும் காவிரி பொய்க்காது என்பதுதான் பொருள். மதுரையிலிருந்து கேட்பவர் அந்த உம்மையை விழுங்கிவிடலாமா?

வெள்ளி தெற்கே ஒதுங்கினால் மழை குறையும் என்பது அக்கால நிமித்தம். வெள்ளியின் பாதை நம் பாதைக்கு 3.4 டிகிரி சாய்ந்தது. நமக்கு நெருங்கி வரும்போது அந்தச் சாய்வு பெருத்து, சூரிய வீதியிலிருந்து 8 டிகிரி வரை வடக்கோ தெற்கோ ஒதுங்கித் தெரியும். வானத்தைத் தொடர்ந்து பார்த்தவர்கள் இதைக் கவனித்திருக்கிறார்கள் என்பது பெருமைப்படத்தக்க செய்தி. அதைப் பேரழிவுக் கதையாக்கிக் கெடுக்க வேண்டாம்.

நிபிரு என்ற கோள் 3,600 ஆண்டுக்கு ஒருமுறை வருகிறதா? – கொழும்பு வாசகர்

இல்லை. பாபிலோன் நூல்களில் நிபிரு என்பது மர்துக் என்ற கடவுளின் விண்மீன், பெரும்பாலும் வியாழன். 3,600 என்பது 60 × 60, சுமேரியரின் "சார்" என்ற எண்.

இந்தக் கதையைப் பரப்பிய எழுத்தாளர் சிட்சின் 1976-இல் சொன்னபடியே வைத்துக்கொண்டு கெப்ளர் விதியைப் போடுங்கள். 3,600-இன் கனமூலம் 15.3, அதன் வர்க்கம் 235. சராசரித் தூரம் 235 வானியல் அலகு, அதாவது பூமி-சூரியன் தூரத்தைப்போல 235 மடங்கு. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே வந்துபோனால் மறுமுனை 465-க்கு மேல் போகும். இத்தனை தளர்வாகக் கட்டுண்ட பொருளை வியாழன் ஒவ்வொரு வருகையிலும் இழுக்கும். ஒரே கடப்பில் சுற்றுக்காலம் நூற்றுக்கணக்கான ஆண்டு கூடும் அல்லது குறையும். தேதி தவறாமல் 3,600-க்கு 3,600 வரவே முடியாது. சிட்சின் சான்றாகக் காட்டும் பெர்லின் அருங்காட்சியகத்து விஏ 243 முத்திரையைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அதில் எழுதியிருப்பது ஆட்பெயர்கள். வானத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

செவ்வாய்க்கு இரண்டு நிலா என்று "கலிவரின் பயணங்கள்" எழுதிய ஸ்விஃப்ட் 1726-லேயே எழுதியது எப்படி? – நாகர்கோவில் வாசகர்

பூமிக்கு ஒன்று, வியாழனுக்கு அன்று தெரிந்தது நான்கு, நடுவில் செவ்வாய்க்கு இரண்டு என்ற பழைய ஊகம் கெப்ளருடையது. ஸ்விஃப்ட் கொடுத்த தூரம் செவ்வாயின் விட்டத்தைப்போல 3, 5 மடங்கு. காலம் 10, 21½ மணி. கெப்ளரின் மூன்றாம் விதிப்படி பொருத்திய எண்கள் அவை. 1877-இல் கண்டுபிடிக்கப்பட்ட உண்மை நிலாக்களின் தூரம் சுமார் 1.4, 3.5 விட்டம், காலம் 7.7, 30 மணி. எண்ணிக்கை மட்டுமே பொருந்தியது.

ஆதியில் சனிதான் நம் சூரியன், பூமியின் வடதுருவத்துக்கு நேர்மேலே அசையாமல் நின்றது என்கிறார்களே? பாபிலோனியர் சனியைச் "சூரியன்" என்றே அழைத்தார்களாம். – கோவை வாசகர்

அழைத்தார்கள், காரணத்தோடு. அசீரிய அரசர்களுக்குச் சோதிடர்கள் அனுப்பிய கடிதங்களில் அது தெளிவாகவே இருக்கிறது. "சந்திரனைச் சுற்றிய பரிவேடத்துக்குள் (ஒளிவளையத்துக்குள்) சூரியன் நின்றால்" என்று ஒரு நிமித்தம். இரவில் அது எப்படி நடக்கும்? பரிவேடத்துக்குள் சனி நின்றால் அந்தப் பலனைச் சொல்லலாம், சனி சூரியனின் விண்மீன் என்று விளக்குகிறார்கள். சனியின் இன்னொரு பெயர் கய்யமானு, நிலையானது. நாம் மந்தன் என்பதும் அந்த மெது நடையைப் பார்த்துத்தான். ஒரு சுற்றுக்கு 29½ ஆண்டு.

பத்து நிலா அகலத்துக்குச் சனி தெரிய வேண்டுமானால் 14 லட்சம் கி.மீ. தூரத்தில் இருக்க வேண்டும். பூமியைப்போல 95 மடங்கு நிறை அவ்வளவு பக்கத்தில் நின்றால், கடல் அலையேற்றும் இழுவை நிலாவினுடையதைப்போல 150 மடங்குக்கு மேல் ஆகும். நிலாவும் பூமியிடம் தங்காது, பறித்துக்கொண்டு போய்விடும்.

குறுங்கோள் பட்டை உடைந்துபோன கோளா? – தஞ்சாவூர் வாசகர்

எல்லாவற்றையும் திரட்டினாலும் நிலாவின் நிறையில் 3 சதவீதம்தான். கோளுக்குப் போதாது.

கோள்கள் பாதை மாறவே மாறாதா? – சென்னை வாசகர்

மாறும். பெருங்கோள்கள் தொடக்க காலத்தில் இடம்பெயர்ந்தன என்பதை இன்று பெரும்பாலோர் ஏற்கிறார்கள். 2009-இல் வானியலாளர்கள் லாஸ்கரும் கஸ்தினோவும் கணினியில் 2,501 முறை எதிர்காலத்தை 500 கோடி ஆண்டு ஓட்டிப் பார்த்தார்கள். சுமார் 1 சதவீதத்தில் புதனின் பாதை நீண்டு ஆபத்தானது. கோடிக்கணக்கான ஆண்டுக் கதை இது. 3,500 ஆண்டு அதில் ஒரு கணம்.

வெலிகோவ்ஸ்கி செவ்வாய் பூமியைக் குலைத்ததாகச் சொல்லும் கி.மு. 776-687 காலத்தை வீட்டிலேயே சோதிக்க வழி உண்டா? – புதுச்சேரி வாசகர்

உண்டு, நல்ல கேள்வி. அசீரியரின் ஆண்டுப் பட்டியலில், குசானா ஆளுநர் பூர்-சகாலேயின் ஆண்டில், சிமானு மாதம் சூரிய கிரகணம் என்று பதிவு இருக்கிறது. அது கி.மு. 763 ஜூன் 15. கணினியில் ஸ்டெல்லேரியம் என்ற வான்காட்சி மென்பொருளைத் திறந்து, எஃப்6 அழுத்தி இடத்தை மோசூல் என்று வையுங்கள், நினிவே அதையொட்டித்தான். எஃப்5-இல் ஆண்டை −762 என்று போடுங்கள். −763 அல்ல. வானியல் கணக்கில் பூஜ்ய ஆண்டு உண்டு, ஆகவே கி.மு. ஆண்டில் ஒன்றைக் கழிக்க வேண்டும். கிரகணம் தெரியவில்லை என்று எழுதுபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். தேதி ஜூலியன் நாட்காட்டிப்படி; மென்பொருளே பார்த்துக்கொள்ளும். காலைப் பொழுதை நிமிடம் நிமிடமாக நகர்த்தினால் சூரியன் ஏறத்தாழ முழுவதும் மூடுவதைப் பார்க்கலாம்.

அமைப்புகளில் டெல்டா-டி திருத்தத்தை அணைத்துவிடாதீர்கள். பூமியின் சுழற்சி மெல்லக் குறைவதால் அன்றைக்கும் இன்றைக்கும் சுமார் 6 மணி நேர வித்தியாசம் சேர்ந்திருக்கிறது. அதை விட்டால் நிழல் 90 டிகிரி தள்ளி விழும். அடுத்து, பழங்கால வானியலாளர் தாலமி குறித்துவைத்த கி.மு. 721 மார்ச் 19 பாபிலோன் சந்திர கிரகணத்தையும் பாருங்கள், ஆண்டு −720. இரண்டும் 687-க்கு முந்தியவை, இரண்டும் இன்றைய பாதைகளை வைத்தே கணக்கில் வருகின்றன. 687-க்குப் பிந்தியதற்கு கி.மு. 136 ஏப்ரல் 15, பாபிலோனில் முழுச் சூரிய கிரகணம்: ஆண்டு −135, இடத்தைப் பாபிலோனை அடுத்த ஹில்லா என்று மாற்றிவிட்டுப் பாருங்கள்.